வரிசை எண் நான்கு

தியாகராய நகர்
7-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்வத் எழுதுவது. நீயும் உபைத் அத்தானும் உன் மாமியார் அன்வரி அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்திருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

பதினாறு வருடம் கழித்து வருகிற கடிதம். அனுப்புநர் பெயரை நீ இரண்டு தடவை படித்திருப்பாய். அப்பா போய் ஏழு வாரம் ஆகிறது. அன்றைக்கு எதிர்ச்சாரியில் பாத்திரக்கடை வாசலில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை.

நீ வீட்டை விட்டுப் போன அன்று அப்பா என் கையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசப்படாதுல" என்று சத்தியம் வாங்கினார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் ஆடிட்டர் பாஷையில் இது ஏய்ப்பு இல்லை, திட்டமிடல். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜவுளிக்கடைக் கட்டடம் அப்பா பெயரிலும் இல்லை, என் பெயரிலும் இல்லை. 'சண்முகவேல் இந்துக் கூட்டுக் குடும்பம்' என்ற பெயரில் இருக்கிறது. வருமானவரிக்காரர்களுக்கு அந்தக் குடும்பமே ஒரு தனி ஆள். அதற்குப் பான் கார்டு உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, முகம் மட்டும் கிடையாது. அதன் தலைவருக்குக் கர்த்தா என்று பெயர். கண்ணம்மாபேட்டை மயானத்தில் காரியம் செய்துவைத்தவர் "கர்த்தா யாரு?" என்று கேட்டபோது முன்னால் போய் நின்றேன். அடுத்த வாரமே ஆடிட்டர் அம்மா அதே கேள்வியைக் கேட்டார்.

என்னைக் கர்த்தாவாகப் பதிந்தால்தான் குடும்பத்தின் ரிட்டர்னில் நான் கையொப்பமிட முடியும். கெடு செப்டம்பர் பதினைந்து. வங்கி கணக்கை நிறுத்திவைத்திருக்கிறது. வாடகை உள்ளே வருகிறது, வரி கட்ட வெளியே எடுக்க முடியவில்லை. உங்கள் கல்யாணம் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவானது. வேற்று மதத்தவரை அந்தச் சட்டப்படி மணந்தால் அந்தத் தேதியோடு கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்துவிட்டதாகக் கணக்காம். அதை நீ ஒரு பத்திரத்தில் உறுதி கூற வேண்டும். இரண்டே பத்திதான். உனக்குச் சேர வேண்டிய பங்கில் ஒரு குண்டுமணி குறையாது, அது வேறு விஷயம்.

அப்பாவின் மாடி அறையில் அவர் மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். மதியம் மூன்று மணிக்குக் கீழே கூட்டம் ஓயும்போது அவர் என்னிடம் ஏதோ கேட்கிற மாதிரி இருக்கிறது. எப்போதும் ஒரே கேள்விதான். அதை விடு.

உன் தம்பி,
அஸ்வத்


ராயப்பேட்டை
16-7-2025

தம்பி அஸ்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அத்தைக்கு முட்டிவலி. முப்பத்து நாலு வயதில் உனக்குச் சர்க்கரை என்றால் கடைக்கு எதிரில் விற்கிற ஜாங்கிரியை இன்னும் விடவில்லை என்று அர்த்தம்.

உபைத் கண்ணாடிக்கடையின் ஜி.எஸ்.டி. வேலைகளை நான்தான் பார்க்கிறேன். அதனால் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. முதல் பத்தியில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் பிரிந்தவள்தான். அதைச் சட்டம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது பத்தியை அப்படியே எழுதுகிறேன்: 'மேற்படி குடும்ப உறுப்பினர் பட்டியலில் வரிசை எண் நான்கில் காணப்படும் இஃப்ரா என்ற பெயருடைய நபர் எவரும் இலர் என்றும், அது எழுத்துப் பிழை என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'

இதை எழுதியது யார்? இந்தப் பெயர் உங்கள் பட்டியலுக்குள் எப்படி வந்தது? பதில் வரும்வரை பத்திரம் என்னிடம் இருக்கும்.

சுந்தரவல்லி உபைத்


தியாகராய நகர்
24-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தைக்கு முட்டிவலி என்று படித்து வருத்தமாக இருந்தது. ஜாங்கிரியை விட்டு மூன்று மாதம் ஆகிறது. காராச்சேவுக்கு மாறியிருக்கிறேன்.

அந்த இரண்டாவது பத்தி ஆடிட்டர் ஆபீசில் டைப் செய்தது. நான் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன், மன்னித்துக்கொள்.

பட்டியல் அப்பாவுடையது. அவருக்கு ஒரு பழக்கம். ஏப்ரல் முதல் வாரத்தில் வாடகைக் காகிதங்களை மயிலாப்பூர் ஆடிட்டர் ஆபீசுக்குக் கொண்டுபோகும்போது, ஒரு முழுத்தாளில் குடும்ப உறுப்பினர்களின் பெயர், உறவு, வயது எல்லாவற்றையும் கைப்பட எழுதி மேலே வைப்பார். அப்படி ஒரு தாளை எந்தச் சட்டமும் எந்தப் படிவமும் கேட்கவில்லை. "குடும்பத்துக்கு வரி கட்டுதோம், குடும்பத்துல ஆரு ஆருன்னு சொல்ல வேண்டாமா?" என்பார். 2022இல் வங்கி விவரங்களைப் புதுப்பிக்கச் சொன்னபோது அதே பட்டியலை அங்கேயும் கொடுத்துவிட்டார். அதில் வந்த வினைதான் இது. கவுண்டரில் இருந்தவர், "இன்னா சார், லிஸ்ட்ல நாலு பேர் கீது. ஒருத்தர் பூட்டாரு, செரி. மிச்சம் மூணு கையெழுத்து எங்க? மைனர்னா அம்மா போடணும்" என்று கேட்டுவிட்டார்.

இஃப்ரா யார் என்று நான் அப்பாவிடம் கேட்டதில்லை. இந்த வருடத் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தப் பத்தியை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல், மாற்றித் தருகிறேன்.

உன் தம்பி,
அஸ்வத்


ராயப்பேட்டை
2-8-2025

அஸ்வத்,

உடம்பு விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

அப்பாவின் எழுத்தை இத்தனை வருடம் கழித்துப் பார்த்தேன். '4. இஃப்ரா, பேத்தி, வயது 13.'

என் மகள் 2012 பிப்ரவரி பதினொன்றாம் தேதி பிறந்தாள். 2014 செப்டம்பர் பதினாலாம் தேதி டெங்குவில் போய்விட்டாள். ஐந்து நாள் காய்ச்சல். இரண்டு வயது ஏழு மாதம். நாற்பதாம் நாள் கழித்து நான் அப்பாவுக்கு எழுதினேன். திட்டி எழுதவில்லை. 'உங்கள் பேத்தி போய்விட்டாள். எனக்கு யாரும் இல்லாத மாதிரி இருக்கிறது. ஒரு தடவை வாருங்கள், பேச வேண்டாம், உட்கார்ந்துவிட்டுப் போங்கள்' என்று எழுதினேன். அவர் வரவில்லை. ஒரு வரி பதில் இல்லை. அன்றைக்கு எனக்கு அப்பா செத்துப்போனார். நீங்கள் இந்த மே மாதம் கொள்ளி வைத்தது யாருக்கோ.

இப்போது பதின்மூன்று வயது என்று எழுதியிருக்கிறாரே, இது என்ன விளையாட்டு? செத்த குழந்தையை வளர்த்துக் காட்டினால் வரி குறையுமா? தலைக்கு இவ்வளவு என்று தள்ளுபடி உண்டா? உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு எழுது. மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அதுவரை கையெழுத்து கிடையாது.

சுந்தரவல்லி


தியாகராய நகர்
9-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். சாப்பிடுகிறாயா?

குழந்தையைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்தேன். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீ கேட்டதை அப்படியே ஆடிட்டர் ஜெயஸ்ரீ அம்மாவிடம் கேட்டேன். சாந்தமான மனுஷி, அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "கூட்டுக் குடும்பத்துல எத்தனை பேர் இருந்தாலும் வரி ஒண்ணுதான்ப்பா. ஒரு பேரைக் கூடுதலா எழுதினா ஒரு பைசா லாபம் கெடையாது. அதோட பொண்ணு வயத்துப் பேத்தி இதுல வரவும் மாட்டா. நான் வருஷா வருஷம் சொல்லிண்டே இருந்தேன், உங்கக்கா பேரையும் எடுத்துடுங்கோ, கொழந்தை பேரையும் எடுத்துடுங்கோன்னு. 'நீங்க ரிட்டர்ன்ல என்ன வேணா போட்டுக்கிடுங்க, இந்தத் தாள் அப்படியே இருக்கட்டும்'பார். லாபமில்லாம உங்கப்பா எழுதி நான் பார்த்த ஒரே வரி அதுதான்" என்றார்.

அப்புறம் ஃபைலை எடுத்துக் காட்டினார். பதினான்கு தாள் இருக்கிறது. 2012இல் 'இஃப்ரா, பேத்தி, 2 மாதம்'. அடுத்த வருடம் 1, அதற்கடுத்து 2. அப்படியே ஏறிக்கொண்டே வந்து இந்த வருடம் 13. பைபாஸ் செய்துகொண்ட அடுத்த வருடத் தாளில் எழுத்து நடுங்கியிருக்கிறது. ஆனால் ஒரு வருடமும் விட்டுப்போகவில்லை. எல்லாத் தாளிலும் உன் பெயரும் இரண்டாவதாக இருக்கிறது. மூத்தவள் என்பதால் எனக்கு முன்னால்.

இன்னொன்றும் சொன்னார். "ஒருத்தரை வெச்சுண்டு கூட்டுக் குடும்பம்னு டிபார்ட்மென்ட்ல சொல்ல முடியாது. உங்கக்கா இதுல கையெழுத்துப் போட்டா மிச்சம் நீ ஒருத்தன். கடைசி ரிட்டர்னுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு முடிச்சுட வேண்டியதுதான்." நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மூன்று மணிக்கு இப்போதெல்லாம் மாடி அறைக்குப் போவதில்லை. கல்லாவிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். இருந்தாலும் மேலே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்கிறது. எலி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் தம்பி,
அஸ்வத்


ராயப்பேட்டை
20-8-2025

தம்பி அஸ்வத்துக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. தனியாக இருக்கிறவனுக்கு நாற்காலிச் சத்தம் கேட்கத்தான் செய்யும்.

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். இஃப்ரா பிறந்த ஏழாம் நாள், பெயர் எழுதிய சீட்டோடு ஒரு டப்பா இனிப்பை உங்கள் கடைக்குக் கொடுத்தனுப்பியது அத்தைதானாம். இதுவரை என்னிடம் சொல்லவே இல்லை. "அவரு டப்பாவ திருப்பி அனுப்பல மகளே. எனக்கு அது போதும்னு இருந்துட்டேன்" என்றார். அப்பாவுக்குப் பெயர் தெரிந்தது அப்படித்தான்.

அதன் பிறகு ஒரு வாரமாக ஒரே விஷயத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன். செத்துப்போனவள் என்று தெரிந்த ஆள் வயதை ஏற்றி ஏற்றி எழுதமாட்டார். அப்பா கல்நெஞ்சக்காரர்தான், ஆனால் பைத்தியக்காரர் இல்லை. அப்படியென்றால் அவருக்குத் தெரியாது. அப்படியென்றால் என் கடிதம் அவர் கைக்குப் போகவில்லை.

நான் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி அட்டை திரும்பி வந்தது. பீரோவில் இஃப்ராவின் சான்றிதழ்களோடு வைத்திருந்தேன். நேற்று எடுத்தேன். அதில் ஒரு கிறுக்கல் கையெழுத்து இருக்கிறது. பதினோரு வருடமாக அதை அப்பாவுடையது என்றே நினைத்திருந்தேன். நேற்று உன் மூன்று கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ 'அ' எழுதும்போது சுழியைக் கீழே இழுத்து ஒரு வால் விடுவாய். சின்ன வயதில் அதற்காக உன்னைக் கேலி செய்திருக்கிறேன்.

அந்த அட்டையிலும் வால் இருக்கிறது.

நான் தப்பாகப் பார்த்திருக்கலாம். சொல்.

அக்கா


தியாகராய நகர்
11-9-2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கிறது, அத்தையைக் குளிர்ந்த தண்ணீர் குடிக்க விடாதே.

பதில் தாமதமாகிவிட்டது. ஆவணி முகூர்த்தம், அடுத்து தீபாவளிச் சரக்கு என்று கடையில் நிற்க நேரமில்லை. ரிட்டர்ன் கெடுவுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. உன் பத்திரம் வராவிட்டால் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் தாமதக் கட்டணத்தோடு போடலாமாம், வட்டி ஏறும். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

இரண்டாவது பத்தியை எடுத்துவிட்டுப் புதுப் பத்திரம் அனுப்பியிருக்கிறேன். மற்றவை பிறகு.

உன் தம்பி,
அஸ்வத்


ராயப்பேட்டை
17-9-2025

தம்பி,

நாங்கள் நலம். நீயும் நலமாக இரு.

உன் புதுப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பழையதே என்னிடம் இருக்கட்டும். ரிட்டர்ன் கெடு முந்தாநாள் முடிந்தது என்று பேப்பரில் பார்த்தேன். ஒருநாள் நீட்டித்தார்களாம், அதுவும் முடிந்தது. நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

அக்கா


தியாகராய நகர்
24-10-2025

அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும் நன்றாக இருக்க வேண்டும்.

நீ தப்பாகப் பார்க்கவில்லை. அந்த வால் என்னுடையதுதான்.

2014 தீபாவளி வியாபாரம் முடிந்த வாரம் அப்பா கல்லாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பைபாஸ் நடந்தது. மூன்று மாதத்துக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதுதான் உன் தபால் வந்தது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உன் எழுத்தைப் பார்த்ததும் பிரித்தேன். மூன்று மாதம் கழித்துக் கொடுக்கலாம் என்று என் அலமாரியில் வைத்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மூன்று மாதம் முடிந்தபோது, இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்பாரே என்று பயந்தேன். அப்புறம் பயம் பழகிவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் நான் வெறும் கோழை. முடியவில்லை.

2015 ஏப்ரலில் மதியம் மூன்று மணிக்கு மாடியில் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதினார். மூன்று பெயர் எழுதிவிட்டு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஏல, அந்தப் பிள்ளைக்கு இப்பம் என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டார். அக்கா, எனக்குத் தெரியும். உன் கடிதம் கீழ்த்தளத்தில் என் அலமாரியில் இருக்கிறது. நான், "மூணு முடிஞ்சிருக்கும்ப்பா" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்த வருடமும் கேட்டார். நான்கு என்றேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் கேட்டார், நான் ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொன்னேன். இந்த வருடம், அவர் போவதற்கு ஆறு வாரம் முன்னால், "பதிமூணுப்பா" என்றேன். "பெரிய பிள்ளையாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு மூடியைத் திருகிப் பேனாவைப் பையில் வைத்தார். மாடியில் எனக்குக் கேட்கிற கேள்வி இதுதான். எலி இல்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இதை எழுதாமல் விட்டால் மறுபடி மறைத்தவன் ஆவேன். 2019இல் ஏழு என்று சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டு, "போயி ஒரு எட்டு பாத்துட்டு வருவமால? வாசல்ல நின்னு பாத்தாக் கூடப் போதும்" என்றார். சத்தியத்தை அவரே விட்டுவிட்டார். என் முதல் கடிதத்தில் சத்தியம் என்று எழுதியது வெறும் சாக்கு. போனால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால், "முதல் ஜி.எஸ்.டி. வருடாந்திர ரிட்டர்ன் கிடக்குப்பா, கெடு முடியட்டும்" என்றேன். அந்த வருடம் அரசாங்கம் அந்தக் கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவை தள்ளியபோதும் எனக்குத்தான் நிம்மதி. அடுத்த வருடம் கொரோனா வந்தது. அதற்குப் பிறகு அவர் வயதை மட்டும்தான் கேட்டார்.

அவர் உன்னைப் பார்க்க வந்திருப்பார். வரவிடாமல் செய்தது நான்.

ஜூலையில் அந்த இரண்டாவது பத்தியை நான் பார்க்காமல் அனுப்பவில்லை. பார்த்துத்தான் அனுப்பினேன். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டால், நான் சொன்ன வயதெல்லாம் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். 

உன் பழைய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து, ரிட்டர்ன் எதையும் பற்றி யோசிக்காதே. அபராதம் வந்தால் நான் கட்டிக்கொள்கிறேன்.

அஸ்வத்


ராயப்பேட்டை
15-11-2025

தம்பி அஸ்வத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உபைத் எழுதுகிறேன். அல்லாஹ் உங்களுக்குச் சுகத்தைத் தரட்டும். அம்மா உங்களை விசாரித்தார்.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று தோன்றியதால் எழுதுகிறேன். சுந்தரம் படித்தாள். பத்தாம் தேதி கடைக்கு வந்து அக்டோபர் மாத ரிட்டர்னை உட்கார்ந்து முடித்தாள். கெடு தவறுவது அவளுக்குப் பிடிக்காது, அது உங்கள் வீட்டு ரத்தம்.

வெள்ளிக்கிழமை இஃப்ராவை அடக்கிய கபர் இருக்கிற இடத்துக்கு நான் போகும்போதெல்லாம் அவள் வரமாட்டேன் என்பாள். போன வாரம் தெருமுனை வரை வந்தாள். நான் என்ன சொல்வது? எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மே மாதம் பாத்திரக்கடை வாசலில் நின்றபோது, அந்தப் பெரிய வீட்டில் நீங்கள் ஒருவர்தான் அழுதுகொண்டிருந்தீர்கள். அதையும் பார்த்தேன்.

அவளே எழுதுவாள். அவசரப்படுத்த வேண்டாம்.

உபைத்


ராயப்பேட்டை
14-12-2025

அஸ்வத்,

நாங்கள் இருக்கிறோம். மாத்திரையைத் தவறாமல் போடு.

உன்னைத் திட்டி எட்டுக் கடிதம் எழுதினேன். எட்டையும் கிழித்தாயிற்று, அதனால் இதில் திட்டு இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

பதினோரு வருடம் அப்பாவை வெறுத்தேன். சும்மா இல்லை, வேலை மெனக்கெட்டு வெறுத்தேன். பனகல் பார்க் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறமாட்டேன். மே மாதம் அவர் போய்விட்டார் என்று உபைத் வந்து சொன்னபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்து முடித்து, உலையில் போட்டு, வடித்துச் சாப்பிட்டேன். உபைத் மட்டும் போனார். அந்த ஒரு வேளைச் சோற்றை இப்போது என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வாசலில் நின்று பார்த்தால் போதும் என்று ஒரு மனுஷன் கேட்டிருக்கிறார். அது தெரியாமல் சாப்பிட்டிருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இருபத்து மூன்று வயதில் பயந்துபோய்க் கடிதத்தை ஒளித்தாயே, அதை மன்னித்துவிட்டேன். அந்த வயதில்தான் நானும் உன்னை அம்மா இல்லாத அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு வந்தேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் கூட்டிக் கூட்டிச் சொன்னாயே, அதை முடியவில்லை. முயற்சி செய்கிறேன், இன்னும் முடியவில்லை.

பத்திரத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பழைய பத்திரம்தான். முதல் பத்தியை அப்படியே விட்டிருக்கிறேன். இரண்டாவது பத்தியைக் குறுக்கே அடித்துச் சுருக்கொப்பம் போட்டு, கீழே என் கையால் எழுதியிருக்கிறேன்: 'வரிசை எண் நான்கில் உள்ள இஃப்ரா என் மகள். பிறப்பு 11-2-2012. இறப்பு 14-9-2014.' மாநகராட்சிச் சான்றிதழ்கள் இரண்டின் நகலும் கல்யாணச் சான்றிதழ் நகலும் உள்ளன. முப்பத்தொன்றாம் தேதிக்குள் ரிட்டர்னைப் போடு. ஒருத்தனை வைத்துக்கொண்டு கூட்டுக் குடும்பம் இல்லை என்று சட்டம் சொன்னால் சரி, ஆடிட்டர் அம்மா முடித்துவிடட்டும்.

பங்கு என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். கட்டடத்தில் எனக்கு என்ன வருமோ அதை நிதானமாகப் பார்ப்போம். அதற்கு முன்னால் அந்தப் பதினான்கு தாள்களும் எனக்கு வேண்டும். நகல் வேண்டாம், அசல். ஃபைலில் இத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று யாராவது சட்டம் பேசினால், அப்படி ஒரு தாளை எந்தச் சட்டமும் கேட்கவே இல்லை என்று நீயே எழுதியதைக் காட்டு.

மூன்று வயது இஃப்ராவை நான் பார்த்ததில்லை. ஐந்து வயதில் எப்படி இருப்பாள், பத்து வயதில் எப்படி இருப்பாள் என்று ஒருதடவை நினைக்க ஆரம்பித்துப் பயந்துபோய் நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் நினைக்கவே இல்லை. அப்பா பயமில்லாமல் அவளைப் பதின்மூன்று வரை கொண்டுவந்திருக்கிறார். என் மகள் வளர்ந்த இடம் இந்த உலகத்தில் அந்தத் தாள்கள் மட்டும்தான்.

கூரியரில் போடாதே, தொலைத்துவிடுவார்கள். நீயே எடுத்துக்கொண்டு வா. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் வந்துவிடு. இந்தத் தடவை வயது பதினான்கு. நான் எழுத வேண்டும்.

அக்கா,
சுந்தரவல்லி